சாஃப்ட் ஸ்கில்ஸ் வகுப்பு முதன்முறை உங்கள் கைக்கு வரும்போது

ஜூன் மாதம் டைம்டேபிள் வரும். உங்கள் பெயருக்கு நேரே 'சாஃப்ட் ஸ்கில்ஸ்' என்று இருக்கும். பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியட், இல்லையென்றால் நாளின் கடைசி பீரியட். துறையில் புதிதாகச் சேர்ந்தவருக்குத்தான் இந்தப் பேப்பரைக் கொடுப்பார்கள். ஆங்கிலத் துறை என்றால் கேட்கவே வேண்டாம். எனக்கும் அப்படித்தான் வந்தது.

முதல் வருடம் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். செமஸ்டர் முழுக்க ஸ்லைடு போட்டு நடத்தினேன். தகவல் தொடர்பின் வகைகள், அதற்கான தடைகள், நல்ல தலைவரின் பண்புகள் என்று வரிசையாகப் போனது. மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள், மனப்பாடம் செய்தார்கள், தேர்விலும் நன்றாகவே எழுதினார்கள். அடுத்த செமஸ்டர் தொடங்கி ஒரு வாரம் இருக்கும். அந்தப் பேப்பரில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கிய பெண் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். உதவித்தொகைக்கு போனஃபைடு சான்றிதழ் வேண்டும், ஆபீசில் போய்க் கேட்கப் பயமாக இருக்கிறது, நீங்கள் கூட வர முடியுமா மேம் என்று கேட்டாள்.

கூடப் போனேன். திரும்பி வரும்போது ஒரு கணக்கு மனதில் ஓடியது. ஒரு செமஸ்டர் முழுக்க இந்தப் பெண் என் வகுப்பில் எத்தனை நிமிடம் வாய் திறந்து பேசியிருப்பாள்? வருகைப் பதிவின்போது 'எஸ் மேம்' சொன்னதைத் தவிர எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை. அப்போதிருந்து இந்தப் பேப்பரை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கணக்கில் இருந்துதான் தொடங்குகிறேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் கையில் இருப்பது எந்தப் பேப்பர்?

'சாஃப்ட் ஸ்கில்ஸ்' என்ற பெயரைப் பரப்பியது அமெரிக்க ராணுவம். வண்டி, பீரங்கி, ரேடியோ என்று இயந்திரங்களைக் கையாளும் வேலைகளுக்குப் பயிற்சித் திட்டம் எழுதுவது அவர்களுக்குச் சிரமமாக இல்லை. ஆட்களை நடத்துவது, மேற்பார்வை செய்வது போன்ற வேலைகளுக்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது என்பதில்தான் குழப்பம். 1972-இல் இதற்கென்றே ஒரு மாநாடு கூட்டினார்கள். இயந்திரத்தோடு அதிகத் தொடர்பில்லாத, பல வேலைகளுக்கும் பொதுவான வேலைத் திறன்கள் என்று இவற்றை வரையறுத்தார்கள். இந்தப் பழைய கதையில் ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: வேலை. ஆரம்பத்திலிருந்தே இது ஒருவர் செய்யும் காரியத்தைப் பற்றிய பேச்சு. அவருடைய குணத்தைப் பற்றியதல்ல. மதிப்பெண் போடும் இடத்தில் இது உங்களுக்குப் பெரிய துணையாக இருக்கும்.

நம் கல்லூரிகளில் இந்தப் பேப்பர் பல வடிவங்களில் வருகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் 'ஜீவன் கௌஷல்' என்ற பெயரில் இளங்கலை மாணவர்களுக்கு ஒரு பாடத்திட்டம் வெளியிட்டது. தொடர்புத் திறன், தொழில்சார் திறன், தலைமை மற்றும் மேலாண்மைத் திறன், மனித விழுமியங்கள் என்று நான்கு பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் 2 கிரெடிட், மொத்தம் 8. தமிழ்நாட்டில் 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் வழியாகவும் திறன் படிப்புகள் கல்லூரிக்குள் வந்திருக்கின்றன. இவை தவிரப் பல்கலைக்கழகங்களும் தன்னாட்சிக் கல்லூரிகளும் சொந்தமாக வைத்திருக்கும் பேப்பர்கள் தனி.

ஆகவே வகுப்புக்குப் போகும் முன் துறைத் தலைவரான எச்.ஓ.டி.யிடம் மூன்று கேள்விகளுக்குப் பதில் வாங்கிவிடுங்கள். எத்தனை கிரெடிட்? எழுத்துத் தேர்வு உண்டா, அல்லது முழுக்க இன்டர்னலா, அதாவது கல்லூரிக்குள்ளேயே போடும் மதிப்பெண்ணா? இன்டர்னல் மதிப்பெண்ணைப் பிரித்துக்கொள்ளும் சுதந்திரம் உங்களுக்கு உண்டா? மூன்றாவது கேள்விக்கு 'உண்டு' என்று பதில் வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நிமிடக் கணக்கு

ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். 2 கிரெடிட் வகுப்புப் பாடம் என்றால் செமஸ்டருக்கு 30 மணி நேரம், அதாவது 1800 நிமிடம். வகுப்பில் 60 பேர் என்று வைப்போம். நீங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசாமல், ஒருவர் பின் ஒருவராக மாணவர்களையே பேசவிட்டாலும் தலைக்கு 30 நிமிடம்தான் வரும். வருகைப் பதிவு, உள்தேர்வு, கல்லூரி விழா, எதிர்பாராத விடுமுறை எல்லாம் போனால் 20 நிமிடம் மிஞ்சினாலே பெரிது. ஒரு செமஸ்டருக்கு 20 நிமிடம் பேசி யாருக்கும் எந்தத் திறனும் வராது.

இப்போது வேறு மாதிரிப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் 20 நிமிடம் மாணவர்கள் இருவர் இருவராகப் பேசுகிறார்கள். ஒரே நேரத்தில் 30 பேர் பேச 30 பேர் கேட்கிறார்கள். தலைக்கு 10 நிமிடம் பேச்சு, 10 நிமிடம் கேட்பு. 25 வகுப்பு நடந்தால்கூட ஒவ்வொருவரும் 250 நிமிடம் பேசியிருப்பார்கள். நான்கு மணி நேரத்துக்கும் மேல். வகுப்பும் அதேதான், ஆட்களும் அவர்களேதான்.

மூன்று நிமிடப் பேச்சு ஒன்றை எல்லோரும் பேச வேண்டும் என்றாலும் இதே கணக்குத்தான். ஒவ்வொருவராக மேடைக்கு வந்தால், ஏறி இறங்கும் நேரத்தோடு 240 நிமிடம், ஐந்து பீரியட் போய்விடும். நாலாவது பீரியடில் யாரும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆறு ஆறு பேராகப் பத்துக் குழுக்கள் ஒரே சமயத்தில் பேசினால் 24 நிமிடத்தில் முடியும்.

இதற்கு வகுப்பறை தடையாக இருக்கும் என்று தோன்றும். தரையோடு பொருத்திய நீள பெஞ்சுகள்தான் பல இடங்களில். பரவாயில்லை. ஒன்று, மூன்று, ஐந்தாவது வரிசைக்காரர்கள் மட்டும் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தால் மூன்றும் மூன்றுமாக ஆறு பேர் குழு தயார். சத்தம் கண்டிப்பாக வரும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முதல் வாரமே போய் 'என் வகுப்பில் செவ்வாயும் வியாழனும் சத்தம் இருக்கும், அது பாடம்தான்' என்று சொல்லிவிடுங்கள். நான் இதைச் செய்யாமல் விட்ட வருடம், வராண்டாவில் போன மூத்த பேராசிரியர் ஒருவர் கதவைத் தட்டி மாணவர்களை அதட்டிவிட்டுப் போனார். அதன்பிறகு இரண்டு வாரம் எல்லோரும் கிசுகிசுப்பாகவே பேசினார்கள்.

முதல் வாரம்: சீட்டும் ஒலிப்பதிவும்

முதல் வகுப்பில் பாடத்திட்டத்தை வாசிக்க வேண்டாம். ஆளுக்கு ஒரு சீட்டுக் கொடுத்து, பெயர் எழுதாமல், ஒரே கேள்விக்குப் பதில் எழுதச் சொல்லுங்கள்: 'போன ஒரு வருடத்தில் எந்த இடத்தில் பேச வேண்டியிருந்தும் பேசாமல் வந்தீர்கள்?' எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம்.

வரும் பதில்கள் பாடப்புத்தகத்தில் இருக்காது. வங்கியில் கணக்குத் தொடங்கப் போய்ப் படிவத்தைப் பற்றிக் கேட்காமல் திரும்பியது. மீதிச் சில்லறையைக் கண்டக்டரிடம் கேட்காதது. இன்டர்னல் மதிப்பெண் கூட்டலில் பிழை இருந்தும் ஆசிரியரிடம் சொல்லாதது. பகுதி நேர வேலை பார்க்கும் கடையில் லீவு கேட்க முடியாதது. ஹாஸ்டல் அறையில் தன் சோப்பையே எல்லோரும் எடுப்பதைச் சொல்ல முடியாதது. இந்தச் சீட்டுகள்தான் செமஸ்டருக்கான உங்கள் பயிற்சிப் புத்தகம். பாடத்திட்டத்தில் 'உறுதியாகப் பேசுதல்' என்று ஒரு அலகு இருந்தால் அங்கே சில்லறை கேட்பதையும் லீவு கேட்பதையும் வையுங்கள். பெருநிறுவனத்து மேலாளர் ஒருவர் வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் பேசும் எடுத்துக்காட்டு அங்கே தேவையில்லை.

இரண்டாவது வேலை ஒலிப்பதிவு. ஒவ்வொருவரும் தங்கள் போனில் தங்கள் குரலில் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்து அவர்களே வைத்துக்கொள்ளட்டும். தலைப்பு எளிதாக இருக்கட்டும்: 'எங்கள் ஊருக்கு வருபவர் பேருந்து நிலையத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு எப்படி வருவது'. உங்களுக்கு அனுப்ப வேண்டாம், யாருக்கும் போட்டுக் காட்டவும் வேண்டாம். வீடியோ நிச்சயமாக வேண்டாம். வகுப்பில் எடுத்த வீடியோ எந்த வாட்ஸப் குழுவுக்குப் போகும் என்று உங்களால் உறுதி சொல்ல முடியாது. மாணவிகளில் பலர் அந்தப் பயத்திலேயே வாயை மூடிக்கொள்வார்கள். போனே இல்லாதவர் இருந்தால், உங்கள் போனில் பதிவு செய்து பத்திரமாக வைத்திருங்கள்.

தமிழில் தொடங்குங்கள்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் தடுமாறுவது இங்கேதான். சாஃப்ட் ஸ்கில்ஸ் என்றால் ஆங்கிலம் பேசப் பழகுவது என்ற எண்ணம் மாணவர்களிடமும் இருக்கிறது, நம்மிடமும் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் பையனிடம் 'ஆங்கிலத்தில் உன்னை அறிமுகப்படுத்திக்கொள்' என்று முதல் நாளே சொன்னால் அவனுக்கு ஒரே நேரத்தில் இரண்டு பயம். ஒன்று மேடைக்கூச்சம், இன்னொன்று மொழி. இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, 'எனக்குப் பேச வராது' என்ற முடிவுக்கு அவன் வந்துவிடுவான். உண்மையில் தெருவில் நண்பர்களோடு நிற்கும்போது அவனைப் போலக் கதை சொல்ல ஆளிருக்காது.

அதனால் பிரித்துச் சொல்லிக்கொடுங்கள். முதல் மூன்று வாரம் முழுக்கத் தமிழ். எழுத்துத் தமிழ் வேண்டாம், அவரவர் வீட்டில் பேசும் தமிழ். நாகர்கோவில் பையன் நாகர்கோவில் பேச்சிலேயே பேசட்டும், கோயம்புத்தூர்ப் பெண் 'ஏனுங்க' என்றே தொடங்கட்டும். யாராவது சிரித்தால் அந்த இடத்திலேயே நிறுத்திப் பேசிவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். வீட்டில் தெலுங்கோ உருதோ சௌராஷ்டிரமோ பேசும் மாணவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு எந்த மொழி எளிது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காவது வாரத்திலிருந்து அதே வேலையை ஆங்கிலத்தில் செய்யச் சொல்லுங்கள். 'அதே' என்பது முக்கியம். தமிழில் ஏற்கெனவே பேசிய விஷயத்தையே ஆங்கிலத்தில் பேசும்போது என்ன சொல்வது என்ற கவலை இருக்காது. எப்படிச் சொல்வது என்பது மட்டும்தான் மிச்சம். பத்துப் பதினைந்து வாக்கியங்களைக் கையில் கொடுங்கள். இன்னொரு முறை சொல்லச் சொல்வதற்கு ஒன்று, ஒத்துக்கொள்ளாததை மரியாதையாகச் சொல்வதற்கு ஒன்று, யோசிக்க நேரம் கேட்பதற்கு ஒன்று. அந்த வாக்கியங்களைச் சுவரில் ஒட்டினாலும் சரி, நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொன்னாலும் சரி.

பேசிக்கொண்டிருக்கும்போது இலக்கணத்தைத் திருத்தாதீர்கள். ஒரு முறை இடைமறித்தால் அந்த மாணவர் அடுத்த மாதம் வரை கை தூக்க மாட்டார். காதில் விழும் பிழைகளைக் குறித்துக்கொண்டு, வகுப்பு முடியும் முன் மூன்றை மட்டும், யார் சொன்னது என்று சொல்லாமல், கரும்பலகையில் எழுதித் திருத்துங்கள்.

ஒரு வகுப்பு எப்படிப் போகும்?

கேட்கும் திறனுக்கான 50 நிமிட வகுப்பு ஒன்றை அப்படியே சொல்கிறேன். முதல் ஐந்து நிமிடம் வருகைப் பதிவும் விளக்கமும். அடுத்து, ஒரு மாணவரை முன்னால் அழைத்து நீங்களே செய்து காட்டுங்கள். அப்புறம் இருவர் இருவராகப் பிரியட்டும். 'இந்தக் கல்லூரிக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன்' என்று ஒருவர் இரண்டு நிமிடம் பேச வேண்டும். மற்றவர் குறுக்கே பேசக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது, 'எனக்கும் அப்படித்தான்' என்று தன் கதைக்குத் தாவக் கூடாது. நேரம் முடிந்ததும், கேட்டவர் தான் கேட்டதை ஒரு நிமிடத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும். பேசியவர் விடுபட்டது என்ன என்று மட்டும் சொல்ல வேண்டும். பிறகு ஆள் மாறிக்கொள்ளலாம். இதெல்லாம் 15 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அடுத்த 10 நிமிடத்துக்கு இரண்டு ஜோடிகள் சேர்ந்து நால்வராக உட்காரட்டும், ஒவ்வொருவரும் தன் ஜோடியை மற்ற இருவருக்கும் அறிமுகம் செய்யட்டும்.

மிச்ச நேரம் முழு வகுப்பும் பேசுவதற்கு. இங்கேதான் பாடம் வெளியே வரும். ஒருமுறை ஒரு மாணவன் தன் ஜோடி சொன்ன கட்-ஆஃப், கவுன்சலிங், கிடைக்காமல் போன முதல் கல்லூரி எல்லாவற்றையும் வரிசை மாறாமல் திருப்பிச் சொன்னான். சொல்லி முடித்ததும் அடுத்தவன், 'எங்கப்பா என்னை ஐடிஐ-யில சேர்க்கத்தான் ஆசைப்பட்டார்னு சொன்னேனே, அதை விட்டுட்டியே' என்றான். தகவல் எல்லாம் காதில் விழுந்திருக்கிறது, அவனுக்கு எது கனமாக இருந்ததோ அது விழவில்லை. 'கேட்பதில் இரண்டு வகை உண்டு' என்று நான் ஸ்லைடு போட்டிருந்தால் யாருக்கும் ஒட்டியிருக்காது. அன்றைக்கு ஒட்டியது.

தனியாக யோசித்து, ஜோடியோடு பேசி, பிறகு வகுப்புக்குச் சொல்வது என்ற இந்த வரிசை 1981-இல் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிராங்க் லைமன் முன்வைத்த முறையை ஒட்டியது. எந்தத் தலைப்புக்கும் இதைப் பயன்படுத்தலாம். திடீரென்று கேள்வி கேட்டால் தலை குனிந்துகொள்ளும் மாணவர், ஜோடியிடம் ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட்டால் வகுப்பிலும் சொல்லிவிடுவார்.

மேடைப் பேச்சுக்கும் இதே படிக்கட்டுதான். ஜோடி, அப்புறம் ஆறு பேர், அப்புறம் பன்னிரண்டு பேர், கடைசியாக வகுப்பு. முதல் இரண்டு வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள், மிச்சத்தைக் குறிப்பு வைத்துப் பேசட்டும். திக்கிப் பேசும் மாணவர் இருந்தால் முன்கூட்டியே தனியாகக் கேளுங்கள்: எப்போது பேச விருப்பம், யார் முன்னால், மணி அடிக்கலாமா கூடாதா. அவருக்கு நேரக் கட்டுப்பாடு வேண்டவே வேண்டாம்.

பட்டிமன்றமும் நன்றாக வரும். பண்டிகைக்குப் பண்டிகை தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்ததால் வடிவத்தை விளக்கவே தேவையில்லை. ஒரே ஒரு விதி சேர்த்துக்கொள்ளுங்கள்: எதிரணிக்காரர் சொன்னதை அவர் 'ஆமாம், அதைத்தான் சொன்னேன்' என்று ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொன்ன பிறகுதான் மறுக்க வேண்டும். கைதட்டுக்காகப் பேசும் பேச்சு இந்த ஒரு விதியில் அடங்கிவிடும்.

'நல்லா இருந்துச்சு' போதாது

பேசி முடித்ததும் 'நல்லா பேசினே' என்று சொல்வதால் யாருக்கும் எதுவும் கிடைக்காது. அடுத்த முறை எதை மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். மாணவர்களுக்கு இரண்டு வாக்கியம் பழக்குங்கள். ஒன்று, 'நான் பார்த்தது இது.' இன்னொன்று, 'அடுத்த முறை இதைச் செய்து பார்.' உதாரணமாக, 'நீ பேசும்போது முதல் ஒரு நிமிடம் தரையைப் பார்த்தாய். அடுத்த முறை ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துத் தொடங்கு.' உனக்குத் தன்னம்பிக்கை இல்லை, நீ கூச்ச சுபாவம் என்று ஆளைப் பற்றிய தீர்ப்பு எதுவும் வரக் கூடாது.

கருத்துச் சொன்ன கையோடு அந்த வேலையை மறுபடி செய்ய விடுங்கள். முழுதாக வேண்டாம், முதல் அரை நிமிடம் போதும். கருத்துக் கேட்டுவிட்டு இரண்டு வாரம் கழித்து அடுத்த வாய்ப்பு வந்தால் அது மறந்திருக்கும். மதிப்பெண்ணையும் இரண்டாவது முயற்சிக்கே கொடுங்கள். என் அனுபவத்தில் வகுப்பின் சூழலையே மாற்றியது இந்த ஒரு முடிவுதான். முதல் முயற்சி வீணாகப் போனாலும் நஷ்டமில்லை என்று தெரிந்த பிறகுதான் கடைசி பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள்.

குழு பிரிப்பது

'நீங்களே குழு சேர்ந்துகொள்ளுங்கள்' என்று விடாதீர்கள். விட்டால் ஹாஸ்டல்காரர்கள் ஒரு பக்கம், வீட்டிலிருந்து வருபவர்கள் ஒரு பக்கம், ஒரே பேருந்தில் வருபவர்கள் ஒரு பக்கம், ஆங்கிலவழி ஒரு பக்கம் என்று பிரிவார்கள். சில இடங்களில் ஊரின் சாதிக் கோடு வகுப்பறையிலும் விழும். சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள், மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். காரணத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கலந்து உட்கார வைத்தால் மட்டும் போதாது, ஒருவருக்கு ஒருவர் தேவைப்பட வேண்டும். 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் வெள்ளை, கறுப்பின, ஹிஸ்பானிய மாணவர்கள் முதன்முறையாக ஒரே வகுப்பில் சேர்ந்தபோது பெரிய மோதல் வந்தது. சமூக உளவியலாளர் எலியட் ஆரன்சன் அங்கே ஒரு முறையைக் கொண்டுவந்தார். பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டை மட்டும் கொடுத்தார். மற்றவர் சொல்லிக்கொடுத்தால்தான் முழுப் பாடம் கிடைக்கும். ஒரே துண்டு கிடைத்த பல குழுக்காரர்கள் முதலில் ஒன்றாகக் கூடித் தயாராகிக்கொண்டு, பிறகு தங்கள் குழுவுக்குத் திரும்புவார்கள். 'ஜிக்சா' என்று இதற்குப் பெயர்.

நான் இதை அரசு உதவித்தொகைகளை வைத்துச் செய்கிறேன். குழுவில் ஆறு பேர். ஒருவருக்குத் தகுதி விதிகள், ஒருவருக்குத் தேவையான சான்றிதழ்கள், ஒருவருக்கு விண்ணப்பிக்கும் படிகள் என்று பிரித்துக் கொடுப்பேன். இப்படிச் செய்யும்போது வாயே திறக்காதவரும் பேசியாக வேண்டும், எப்போதும் தானே பேசுபவரும் காத்திருந்து கேட்டாக வேண்டும். கூடுதல் லாபம், அந்த வருடம் நாலைந்து பேராவது உண்மையிலேயே விண்ணப்பிக்கிறார்கள்.

பிறகு ஒரு நிஜ வேலை கொடுங்கள். கேன்டீன் வரிசையைச் சீராக்குவது, நூலக நேரத்தை நீட்டிக்கக் கேட்பது, முதலாண்டு மாணவர்களுக்கு வளாக வழிகாட்டி தயாரிப்பது, இப்படி ஏதாவது. குழு யாரையாவது நேரில் போய்ப் பார்த்துப் பேச வேண்டும், ஒரு கடிதமாவது எழுத வேண்டும். நடுவில் 'அவன் வேலையே செய்யல மேம்' என்று புகார் வரும். உடனே தீர்த்து வைக்காதீர்கள். அவரிடமே எப்படிச் சொல்வது என்று உட்கார்ந்து பயிற்சி கொடுத்து அனுப்புங்கள். இந்தப் பேப்பரின் நடுப்பகுதியே அதுதான்.

எழுத்து, நேர்முகத் தேர்வு

எழுத்துக்கு மூன்று போதும்: எச்.ஓ.டி.க்கு ஒரு மின்னஞ்சல், அலுவலகத்துக்கு ஒரு கோரிக்கைக் கடிதம், ஆசிரியருக்கு ஒரு வாட்ஸப் செய்தி. மூன்றாவதைச் சிறிதாக நினைக்க வேண்டாம். பெயரும் வகுப்பும் சொல்லாமல் 'மேம் நாளைக்கு கிளாஸ் இருக்கா' என்று இரவு பதினொரு மணிக்கு வரும் செய்தியைக் கரும்பலகையில் எழுதி, என்ன விடுபட்டது என்று கேட்டாலே ஒரு பீரியட் ஓடிவிடும்.

நேர்முகத் தேர்வையும் ஜிடி எனப்படும் குழு விவாதத்தையும் இறுதியாண்டுக்கு விட்டுவிடுங்கள். முதலாண்டிலேயே ரெஸ்யூமே எழுதச் சொன்னால் இணையத்தில் எடுத்த ஒரே மாதிரி 60 தாள்கள் வரும்.

மதிப்பெண்

பழைய அமெரிக்க வரையறையை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 'தன்னம்பிக்கை 5, ஆளுமை 5' என்று போட்டால் பேசிப் பழகிய வீட்டுப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் தானாகப் போகும். செய்ததைப் பாருங்கள். முதல் வாக்கியம் கடைசி பெஞ்சுக்குக் கேட்டதா? சொன்ன கருத்துக்கு ஓர் எடுத்துக்காட்டாவது இருந்ததா? கேள்வி வந்தபோது கேள்விக்கே பதில் சொன்னாரா? ஆம், இல்லை என்று குறிக்கக்கூடிய கேள்விகளாக இருந்தால் மாணவர்களே ஒருவரை ஒருவர் மதிப்பிடலாம். உங்கள் சுமையும் குறையும்.

இன்டர்னல் 25 என்றால் நான் பேச்சுக்கு 8, கேட்புக்கு 5, எழுத்துக்கு 6, குழு வேலைக்கு 6 என்று பிரிக்கிறேன். இந்தத் தாளை இரண்டாவது வாரமே மாணவர் கையில் கொடுத்துவிடுங்கள். 75 மதிப்பெண்ணுக்கு எழுத்துத் தேர்வு இருந்தால் கடைசி மூன்று வாரத்தை அதற்கு ஒதுக்குங்கள். தேர்வு முக்கியமில்லை என்று மாணவர்களிடம் சொல்லிவிடாதீர்கள், அவர்கள் சான்றிதழில் ஏறப்போவது அந்த எண்தான். பயிற்சி முடிந்த பிறகு வரையறைகளைப் படிக்கும்போது அவர்களிடம் சொந்த எடுத்துக்காட்டுகள் இருக்கும். விடைத்தாளும் அதனால் நன்றாகவே வரும்.

ஸ்லைடுகளில் இருந்து எடுக்க வேண்டியவை

முந்தைய ஆசிரியர் கொடுத்துவிட்டுப் போன ஸ்லைடுகளில் 'தகவல் தொடர்பில் 93 சதவீதம் உடல்மொழியும் குரலும், சொற்களின் பங்கு 7 சதவீதம்தான்' என்று நிச்சயம் இருக்கும். நீக்கிவிடுங்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளில் இருந்து வந்த எண் அது. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் கேட்கவைத்து, முகப் படங்களையும் காட்டி, பேசுபவருக்கு விருப்பா வெறுப்பா என்று கணிக்கச் சொன்ன சோதனைகள் அவை. உணர்ச்சியையும் மனப்பான்மையையும் பற்றிப் பேசும்போது மட்டுமே இது பொருந்தும் என்று மெஹ்ராபியனே சொல்லியிருக்கிறார். சொற்களைத் தேடித் திணறும் ஒரு மாணவரிடம் 'சொற்கள் 7 சதவீதம்தான்' என்று சொல்வது அவருக்குச் செய்யும் கெடுதல்.

பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று மாணவர்களைப் பிரிக்கும் வினாத்தாள்களும் வேண்டாம். அந்தப் பிரிவுப்படி கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008-இல் உளவியலாளர்கள் நால்வர் விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள்.

'தோற்றப் பொலிவு' என்ற அலகில் கவனமாக இருங்கள். கோட்டும் டையும் ஷூவும் வாங்க முடியாத வீடுகளில் இருந்து வருகிறார்கள். துவைத்துத் தேய்த்த உடை, வெட்டிய நகம், இதற்கு மேல் எதுவும் பாடமாகக் கூடாது. நிறத்தைப் பற்றியோ உருவத்தைப் பற்றியோ உச்சரிப்பில் இருக்கும் ஊர் வாடையைப் பற்றியோ ஒரு சொல்லும் வேண்டாம். வெளியிலிருந்து ஒருவரை அழைத்து இரண்டு மணி நேரம் உற்சாக உரை கேட்பதையும் நான் விட்டுவிட்டேன். அந்த 120 நிமிடத்தில் 60 பேரும் தலைக்கு ஒரு மணி நேரம் ஜோடியாகப் பேசியிருக்கலாம்.

கடைசி வகுப்பு

முதல் வாரம் பதிவு செய்த ஒரு நிமிடத்தை எல்லோரும் காதில் வைத்துக் கேட்கட்டும். அதே தலைப்பில் இப்போது இன்னொரு நிமிடம் பதிவு செய்யட்டும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு, என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று அரைப்பக்கம் எழுதட்டும். சிலருக்குப் பெரிய மாற்றம் இருக்காது. அதையும் அப்படியே எழுதலாம் என்று சொல்லுங்கள்.

அப்புறம் அந்தப் பெயரில்லாச் சீட்டுகளைக் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து வாசியுங்கள். 'இதை இப்போது செய்ய முடியும் என்பவர்கள் கை தூக்குங்கள்' என்று கேளுங்கள். கண்டக்டரிடம் சில்லறை கேட்பதற்கு நிறையக் கைகள் வரும். மதிப்பெண் பிழையை ஆசிரியரிடம் சொல்வதற்குக் குறைவாகத்தான் வரும். எதற்குக் கை வரவில்லையோ அந்தச் சீட்டுகளை மட்டும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். அடுத்த ஜூனில் இந்தப் பேப்பர் யார் பெயருக்கு நேரே வருகிறதோ அவரிடம் அந்தக் கவரைக் கொடுங்கள், நிமிடக் கணக்கு எழுதிய வெள்ளைத் தாளையும் சேர்த்து.